வெட்டப்பட்ட தாழங்காடு

ஆவணித் திங்களின் முழுநிலவு வெண்துறைக் கோட்டையின் கீழ்மதிலுக்கு மேலே தலைகாட்டிய அந்திப் பொழுதில், ஆற்றங்கரை மணற்பரப்பு முழுவதும் பாலைக் கொட்டியது போல ஒளிர்ந்தது. வேறொரு நாளாக இருந்தால், அன்பார்ந்த வாசகர்களே, நாமும் அங்கே சிறிது நின்று அந்த எழிலைக் கண்ணாரப் பருகியிருப்போம். ஆனால் துறைவாயிலின் நிழலில் ஒதுங்கி நின்ற நகர்காவல் தலைவன் பூதன் ஆதிச்சனுக்கோ, அந்த வெண்மணல் எதிரியாகவே தோன்றியது.

அவனருகே பூக்காரியின் கோலத்தில் நின்றவள் இளவரசி அரிந்திகை. அன்று நண்பகலில்தான் அவளுடைய சிற்றப்பன், அவள் தந்தையான மன்னரைக் கொன்று கோட்டையைக் கைப்பற்றியிருந்தான். அவளைச் சிறைபிடிக்க வீரர்கள் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். முந்நூறு அடி தொலைவில் அவள் மாமன் அனுப்பிய படகு காத்திருந்தது. இடையில் ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. மதில்மேல் எட்டு வில்லாளர்கள் நின்றார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கே தாழங்காடு அடர்ந்திருந்தது. அந்நாளில் வெண்துறையில் களவு நடவாத இரவே இல்லை. கள்வரின் கைகளை வெட்ட மன்னர் துணிந்தபோது, "கைகளை வெட்ட வேண்டாம், அரசே. ஒளிய இடம் இல்லாமற் செய்துவிட்டால் போதும்" என்று சொன்னவன் ஆதிச்சன். தாழங்காட்டை அழித்தான். வெறும் சுவர்களில் தெருவைப் பார்த்துச் சாளரம் திறக்கச் செய்தான். மூலைக்கு மூலை விளக்கு வைத்தான். அந்திக்குப் பின் தெருவில் வருபவர் எவரானாலும் "எந்த வீடு?" என்று மூலைவீட்டார் கேட்க வேண்டும், "கள்வன்" என்ற குரல் எழுந்தால் மதிற்காவலர் உட்பட அனைவரும் அத்திசைக்கு ஓட வேண்டும் என்று விதித்தான். ஒரு கையும் வெட்டுப்படாமல் ஊர் அடங்கிற்று. அந்தப் பெருமை அவன் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

சற்றுமுன் கடைசி மூலையில் செக்குச் சாத்தன் அவனையும் நிறுத்தினான்.

"எந்த வீடு, ஐயா? தாங்களே வந்தாலும் கேட்கச் சொன்னவர் தாங்கள்தானே" என்று சிரித்தபடி கேட்டான்.

"என் வீட்டுக்குப் பூக்கொண்டு வந்தவள். துறைவரை கொண்டுவிடுகிறேன்" என்றான் ஆதிச்சன். சாத்தன் அவள் முகத்தைக்கூடப் பாராமல் வழிவிட்டான். அந்த நம்பிக்கை ஆதிச்சனை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"காட்டை அழித்த அன்று நான் தங்களிடம் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா?" என்றாள் அரிந்திகை.

"ஒளிபவர் எல்லாரும் கள்வர்தாமா என்று கேட்டீர்கள், தேவி. நான் நகைத்தேன். அந்த நகைப்புக்காக இன்று என்னையே நொந்துகொள்கிறேன்."

"தாங்களும் வாருங்கள். இருவருமாக ஓடிப் பார்ப்போம்."

"பத்தடி போவதற்குள் அம்பு தைக்கும். பூக்கூடைக்குள் மறைத்திருக்கும் தங்கள் நகைப்பேழையைத் தாருங்கள்."

எதற்கென்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் பேழையைக் கொடுத்தாள். கொடுத்த கையை அவன் கையிலிருந்து எடுக்க மனமின்றி நின்றாள். அவள்மேல் தான் கொண்ட காதலை நான்கு ஆண்டுகளாகச் சொல்லாமற் காத்தவன், இனிச் சொல்லி என்ன பயன் என்று அப்போதும் சொல்லவில்லை.

"குரல் கேட்டதும் ஓடுங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு தெருவுக்குள் பாய்ந்தான்.

"கள்வன், கள்வன்" என்று அவனே கூவினான். கதவுகள் படபடவென்று திறந்தன. மதில்மேல் இருந்தவர்களும் விதிப்படி தெருப்பக்கம் இறங்கி ஓடிவந்தார்கள். வளைத்துப் பிடிக்க அவன் கற்றுக்கொடுத்தபடியே வளைத்தார்கள். பிடித்தவன் சாத்தன். மேலாடையை விலக்கி விளக்கை உயர்த்தியவன், அவன் முகத்தையும் கையிலிருந்த நகைப்பேழையையும் கண்டு அப்படியே சிலையாக நின்றுவிட்டான்.

"ஐயா, தாங்களா? நாலு வருடமாக இந்த ஊரில் ஒரு செம்புகூடக் களவு போகவில்லையே" என்றான். "யாரோ தங்கள்மேல் பழி போட்டிருக்கிறார்கள். இல்லையென்று ஒரு சொல் சொல்லுங்கள், நாங்கள் நம்புகிறோம்."

இல்லையென்றால் பேழை எப்படி வந்தது என்று கேட்பார்கள்; உண்மையைச் சொன்னால் குதிரைவீரர்கள் இப்போதே ஆற்றுக்குப் பறப்பார்கள். படகு நடுவாற்றைக்கூட எட்டியிராது. ஆதிச்சன் சாத்தன் கையிலிருந்த விளக்கின்மேல் தன் வலக்கையை வைத்தான்.

"இந்தச் சுடரின்மேல் ஆணை. அரண்மனையில் திருடியவன் நான்தான். பொன்னைக் கண்டு ஆசைப்பட்டுவிட்டேன்."

சாத்தன் பிடித்திருந்த கையை, தீண்டக்கூடாததைத் தீண்டிவிட்டவன் போல விட்டுவிட்டான். வீரர்கள் கைவிலங்கு தேடி எடுத்து வருவதற்குள் நேரம் கடந்தது. அவள் தப்பியிருப்பாள் என்று ஆதிச்சனுக்கு நிச்சயமாயிற்று. ஆனாலும் சாத்தன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவனால் முடியவில்லை.