மாற்று ஆள்

‘மகளை அழைத்து வருதல்: முடிந்தது’ என்று கைபேசி காட்டியபோது, அவன் மின்தடையில் நின்றுபோன அலுவலக லிஃப்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான்.

சிரிப்புதான் வந்தது. நிரலில் பிழை, எழுதியவனும் அவனேதான். பல ஊர்க் கணினிகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. ஒரு கணினி குறித்த நேரத்தில் ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்காவிட்டால், மாற்றுக் கணினி அந்த வேலையை முடித்துவிடும். பிறகு தாமதமாக எழுந்து வரும் பழைய கணினியைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். ஒரே வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் குழப்பம்.

ஊர்க் கம்ப்யூட்டருக்கெல்லாம் மாற்று இருக்கிறது, பாப்பாவைக் கூட்டிவரத்தான் ஆளில்லை என்று மனைவி குத்திக்காட்டியதால், வீட்டு வேலைகளையும் அந்த நிரலிலேயே ஏற்றியிருந்தான். மாற்று ஆள் யார் என்று கேட்டது. சொந்தபந்தம் மொத்தத்தோடும் மனஸ்தாபம். தன் பெயரையே போட்டான். அசலையும் மாற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே என்று புதியவர்களுக்கு முதல் நாளே பாடம் எடுப்பவன். ஊருக்குத்தான் உபதேசம்.

மனைவியை அழைத்து, பாப்பா எங்கே என்றான்.

“என்ன விளையாட்டு இது? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க. உள்ள பாத்திரம் கழுவிட்டிருக்கீங்க.” குரலைத் தாழ்த்தினாள். “என்னைக்கும் கழுவாத ஆள் கழுவறப்பவே நினைச்சேன்.”

அவளுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“யாரும்மா போன்ல?”

அது அவன் குரல். இணைப்பு அறுந்தது.

மின்சாரம் வந்ததும் ஓடினான். ஈரத் தூசியும் பெட்ரோலும் மணத்த அந்தியில், தன் செருப்புச் சத்தம் தெருவிளக்குக்குத் தெருவிளக்கு மெலிந்துகொண்டே போவதைக் காதில் அடைத்த மூச்சிரைப்பின் குற்றம் என்று எண்ணிக்கொண்டு, பாப்பா பாப்பா என்று முனகியபடி ஓடினான்.

ஜன்னலுக்குள் பாப்பா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய யானை ஜோக். அவன் சொல்லி ஒருநாளும் சிரிக்காத ஜோக். குழந்தை பத்திரம், போன உயிர் பாதி திரும்பியது.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“அப்பா, பழசு வந்திருக்கு.”

நாற்காலி நகர்ந்தது. காலடிகள். இடது கால் லேசாக இழுத்தது. அவனுக்கு இழுப்பதுபோலவே.

மணியை அழுத்தினான். ஒலிக்கவில்லை. கதவைத் தட்டினான். சத்தமில்லை. குனிந்து பார்த்தான். வாசற்படி. இரண்டு செருப்பு. உள்ளே கால் இல்லை.

கதவு திறந்தது. பாத்திர சோப்பு மணம். ஈரக் கை ஒன்று நீண்டு, இன்னும் சூடு ஆறாத செருப்புகளை எடுத்து, உள்ளே ஒழுங்காக அடுக்கி வைத்தது.