மூடாத லைன்

அவள் வந்து இறங்கியபோது மழை விட்டிருந்தது. அலுவலகக் கம்பளத்தில் ஈர நாற்றம். பணக்காரர்களின் பணத்தைச் சந்தையில் போட்டுப் பெருக்கும் ஒரு ஹெட்ஜ் ஃபண்டின் வெளிநாட்டுக் கிளை அது. மூத்த வர்த்தகர்கள் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்துவிட்டதால், "நீ போய்க் கொஞ்ச நாள் தாங்கிப் பிடி" என்று தலைமையகத்து முதலாளி அவளை அனுப்பியிருந்தார்.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஸ்பீக்கர். போன் அடித்து, எடுத்து, ஹலோ சொல்வதற்குள் விலை மாறிவிடும் அல்லவா? அதனால் தலைமையகத்தோடு லைன் எப்போதும் திறந்தே கிடக்கும். இங்கே இருமினால் அங்கே கேட்கும். காலையில் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் அதில் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வரும்போது சொல்ல ஒரு வார்த்தை வைத்தவர்கள், போகும்போது சொல்ல எதுவும் வைக்கவில்லை.

மறுநாள் காலை அவள், "இருக்கேன்" என்றாள்.

"இருக்கேன்" என்றது பக்கத்துக் காலி மேசை.

பிறகு அதற்கடுத்தது.

பிறகு மூலையில் இருந்தது.

"யாரு அது?" என்றாள், வரவேற்பாளரிடம்.

"வேலைய விட்டுப் போனவங்கதான் மேடம்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "ரெக்கார்டிங் இல்ல. கேட்டா விலை சொல்லுது."

ஸ்பீக்கரில் முதலாளி சிரித்தார். "சம்பளம் வாங்காம உழைக்கறாங்க. உனக்கென்ன கசக்குதா?"

அவர்களில் முதலில் வேலையை விட்ட பெரியவரின் வீட்டுக்கு அவள் போன் செய்தாள். எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் மனைவி வாங்கிப் பேசினார். "வேலைய விட்ட அன்னிக்கே அவருக்குக் குரல் போயிடுச்சும்மா. எந்த டாக்டருக்கும் பிடிபடல."

தினமும் தூங்கப் போகும்முன் ஊரில் விட்டுவந்த மகளுக்குப் போனில் கதை சொல்வாள். "பாதிக் கதையில விட்டுட்டே. நேர்ல வந்து சொல்லும்மா" என்று நேற்றுதான் அடம்பிடித்திருந்தாள் குழந்தை.

இருந்தால் மகள் இல்லை. போனால் குரல் இல்லை.

யோசித்தாள். லைன் என்பது கடைசியில் வெறும் ஒயர்தானே. குரல் அதன் வழியாகத்தானே போகும்? ராஜினாமாவை அனுப்புவதற்கு முன் மேசை மேசையாகக் குனிந்து எல்லா ஒயரையும் பிடுங்கினாள். ஸ்பீக்கர்கள் ஊமையாயின. ராஜினாமாவை அனுப்பிவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினாள்.

டாக்சியில் தனக்குள் முணுமுணுத்துப் பார்த்தாள். குரல் இருந்தது. விமானத்தில் தண்ணீர் கேட்டாள். கொடுத்தார்கள். பிழைத்தோம் என்று கண்ணை மூடினாள்.

வீட்டுக் கதவு திறந்தது. "அம்மா!" மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "இப்பவே மிச்சக் கதைய சொல்லு!"

அவள் வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

"பேசும்மா... ஏம்மா பேச மாட்டேங்கறே?"

கைப்பையில் போன் அடித்தது. வரவேற்பாளர். எடுத்ததும் அந்தப் பெண் மூச்சிரைக்கப் பேசினாள்.

"மேடம், எங்க இருக்கீங்க? ஒயர் எல்லாம் கழண்டுதான் கிடக்கு. உங்க மேசையில உங்க குரல்... 'வந்துட்டேண்டா கண்ணு'ன்னு யாருக்கோ கதை சொல்லிட்டிருக்கு."