இறக்கிவிடாத சுமை

பிறந்த வீட்டில் இரண்டு வாரம் ஒளிந்திருந்துவிட்டு, ஒரு நடுப்பகலில் அன்லோகா ஊரில் இருக்கும் புகுந்த வீட்டுக்குத் திரும்பினேன். கையில் துணிப்பை மட்டும்தான். வாசலைத் தாண்டியதும் உச்சந்தலையில் ஏதோ வந்து உட்கார்ந்தது.

கனம்.

கழுத்து உள்ளே இறங்கியது. கண்ணைத் தூக்கிப் பார்த்தேன். வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் வாசனை வந்தது. அப்போதுதான் பிடுங்கிய சின்ன வெங்காயம், ஈர மணல்.

என் ஓரகத்தி ஜிக்போடி செத்தது இந்த வாசலில்தான். அன்று தோட்டத்திலிருந்து தலை நிறைய வெங்காயக் கூடையோடு வந்து நின்றாள். எங்கள் ஊரில் தலைச்சுமையோடு ஒருத்தி வந்து நின்றால், பேச்சுவார்த்தை இல்லாதவர்கூட எழுந்து போய் இறக்கிவிடுவார்கள். தனி ஆளாக இறக்க முடியாத பாரம் அது.

"அக்கா, கொஞ்சம் இறக்கிவிடேன். நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது."

நான் அடுப்படியில்தான் இருந்தேன். என் மீன் குழம்பைக் கழனித்தண்ணி என்று ஊரெல்லாம் சொன்னவள்தானே, நிற்கட்டும் என்று அடுப்பை ஊதினேன். மூன்று முறை கூப்பிட்டாள். அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். நான் வீட்டிலேயே இல்லை என்று எல்லோரிடமும் சாதித்தேன். சீ, நானும் ஒரு மனுஷியா!

இப்போது காதோரம் தண்ணீர் வழிந்தது.

அவள் புருஷன் கோஜோ, என் கொழுந்தன், உள்ளிருந்து வந்தான். "என்ன அண்ணி, வெறுந்தலைக்கு எதுக்குக் கையைத் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க?"

என் கை எப்போது மேலே போனது?

இதை இறக்கிவிட ஒருத்தர் வேண்டும். நடந்ததைச் சொல்லாமல் யாரிடம் கேட்பது?

"தம்பி... அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன்."

"கூப்பிட்டாளா?"

"மூணு தடவை."

அவள் விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"இறக்கிவிடுடா, உனக்குப் புண்ணியமாப் போகும். கழுத்து முறியுது."

கிட்டே வந்தான். பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் என் தலைக்கு மேலே கொண்டுபோனான். வெறும் காற்றில் அவன் விரல்கள் எதையோ பற்றி நின்றன. பாரம் லேசாகக் குறைந்தது. எனக்கு மூச்சு வந்தது.

என் முகத்தை ஒரு முறை பார்த்தான்.

கைகளை எடுத்துக்கொண்டான்.

"நீங்களே சுமங்க அண்ணி."

திரும்பி நடந்தான். அவனுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் ஈர மணல் ஒட்டியிருந்தது.