உள்ளே இருந்த நிமிடங்கள்

மூன்றாவது முறை நகலெடுத்தபோதும் அதே ஒரு வரிதான் உதைத்தது.

நாற்பத்தோராயிரத்து அறுநூற்றெட்டு வரிகளில் மற்றவையெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிருந்தன. இந்த ஒன்றில் மட்டும் கடைசிக் கட்டத்தில் இருந்த நீளமான எண், பழைய கணினியில் ஒன்றாகவும் அவள் எடுத்த நகலில் வேறாகவும் இருந்தது. முதல் முறை பார்த்தபோது 206 என்று முடிந்தது. அடுத்த முறை 253. இப்போது 301.

"ஏங்க மேடம், சும்மா கெடக்கிற டேட்டா தானா மாறுமா?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எங்க பெரியவர்கிட்ட எதுவும் சும்மா கெடக்காதும்மா," என்றாள் டைப்பிஸ்ட் அம்மா.

பெரியவர் என்பது அந்தப் பழைய கணினிக்கு அலுவலகம் வைத்த பெயர். வீடுகளில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவிக் கொடுக்கும் நிறுவனம் அது. எந்த வீடு, என்ன தேதி, தொட்டிக்குள் யார் இறங்கினார் என்று முப்பது வருஷ விவரமும் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. அதையெல்லாம் புதிய கணினிக்கு மாற்றித் தரத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் பெரியவரைப் பழைய இரும்புக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

இன்று சனிக்கிழமை, மதியம் ஒன்றரை. நான்கு மணிக்கு அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். முந்தாநாள்தான் அப்பாவுக்குக் கண் அறுவை நடந்தது. அந்தக் கண்ணில் கட்டு. இன்னொரு கண் பல வருஷமாகவே பேருக்குத்தான். நான்கு மணிச் சொட்டு மருந்தைப் போட வேறு ஆள் இல்லை. அதுவரை கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்துதான் அவளை அனுப்பினார். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஜன்னலே இல்லாத அந்த மாடி அறையில் பெரியவரின் காற்றாடி, தொண்டையில் சளி கட்டிய மனிதர் தூங்குவதுபோல் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து மூக்கில் ஏறியிருந்தது சூடான தூசியின் வாசனை. இப்போது அதற்கு அடியில் வேறொன்று, ஈரச் சிமெண்டும் பாசியும் கலந்த ஒரு குளிர்ந்த நெடி, மேசைக்குக் கீழிருந்து மெல்ல ஏறி முழங்காலைத் தொட்டது. குனிந்து பார்த்தாள். ஒயர்கள்தான். காய்ந்த தரைதான்.

அந்தக் கட்டத்தின் தலைப்பு: உள்ளே இருந்த நிமிடங்கள்.

அது இந்த நிறுவனத்தின் பழைய ஏற்பாடு. தொட்டிக்குள் ஆள் இறங்கும்போது அந்த வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு போன் வரும். டைப்பிஸ்ட் அம்மா 'இறங்கினார்' என்று போடுவாள். மேலே வந்த ஆளே தன் வாயால் போனில் பேசினால்தான் 'ஏறினார்' என்று போடுவாள். நடுவில் இருக்கிற நிமிடங்களைப் பெரியவர் எண்ணுவார். பதினைந்தைத் தாண்டினால் கத்துவார். உள்ளே விஷவாயுவில் யாராவது மயங்கிக் கிடந்து, அதை எல்லோரும் மறந்துவிடக்கூடாது என்பதற்காக.

அவள் முழு எண்ணையும் படித்தாள். ஒரு கோடியே பதினைந்து லட்சத்துச் சொச்சம். கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம்.

"மேடம், இதை ஏறினார்னு போட மறந்துட்டீங்க."

"நான் எதையும் மறக்கலை."

"அப்புறம் ஏன் இன்னும் 'உள்ளே'ன்னு காட்டுது?"

"அவன் ஏறலையே," என்றாள் டைப்பிஸ்ட் அம்மா, பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோல. கைப்பைக்குள் கண்ணாடிக் கூட்டைத் தேடிக்கொண்டே தொடர்ந்தாள். "அஞ்சடித் தொட்டி. தண்ணியை எறைச்சு, சுவரைத் தட்டி, தரையை ஒடைச்சுப் பார்த்தாச்சு. ஆள் இல்லை."

"முகவரி வேற காலியா இருக்கு."

"அது நான் அழிச்சது. அந்த வீட்டு விலாசம் இருந்தவரைக்கும் அவங்க தினம் போன் பண்ணினாங்க, தொட்டிக்குள்ள யாரோ தேய்க்கிறாங்கன்னு. சரின்னு நம்ம ஆபீஸ் விலாசத்தையே போட்டேன். அப்புறம்தான் ஆபீஸ் தொட்டியை மண்ணைக் கொட்டி மூடினோம். காலியா இருந்தா தொந்தரவு இல்லை. நீங்க அந்த ஒரு வரியை மட்டும் விட்டுட்டுப் போங்கம்மா."

"விட்டுட்டுப் போனா எங்க மேனேஜர் என்னை விடமாட்டாரு."

"உங்க மேனேஜர் தொட்டியில இறங்கினவரா?" என்றாள் டைப்பிஸ்ட் அம்மா. சனிக்கிழமை அரை நாள்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. எந்த இடத்துக்குப் போனாலும் இதே கதை. பழைய கணினியைப் பிரிய மனமில்லாத ஒருவர், அதற்குத்தான் எல்லாம் தெரியும், கைவைத்தால் குடி முழுகிவிடும் என்று ஒரு புராணம் வைத்திருப்பார். மாறிக்கொண்டே இருக்கும் அந்த எண்ணை ஒப்பிடாமல் தாண்டிப் போகும்படி நிரலில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, நான்காவது முறையாக ஏற்றினாள். முக்கால் மணி நேரம் பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது. கடைசியில் சிவப்பு. ஒரு வரி நிராகரிக்கப்பட்டது. காரணம்: முகவரி இல்லை.

மேனேஜரை அழைத்தாள்.

"சார், ஒரே ஒரு வரி. குறையா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டா என்ன?"

"நாற்பத்தோராயிரம் ஏத்தத் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு ஏத்தத் தெரியாதாம்மா? எண்ணிக்கை சரியா வந்தாத்தான் அவங்க கையெழுத்துப் போடுவாங்க. வரலைன்னா நாளைக்கும் வந்து உட்காருங்க."

"அப்பாவுக்கு ஆபரேஷன்னு சொன்னேனே சார்."

"அதான் சீக்கிரம் முடிங்கன்னு சொல்றேன்."

வைத்துவிட்டார். அவள் முகவரிக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று அடித்தாள். ஏற்கவில்லை. மூன்று கோடு போட்டாள். அதையும் ஏற்கவில்லை. உண்மையான தெரு, உண்மையான கதவு எண், அஞ்சல் பட்டியலில் இருக்கிற வீடுதான் வேண்டுமாம். மணி இரண்டே முக்கால். காற்றாடி இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

விரல்கள் தாமாகவே ஒரு முகவரியைத் தட்டின. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் இருக்கிற கெட்ட பழக்கம் அது. சோதனைக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் தன் பெயர். ஒரு பிறந்தநாள் வேண்டுமென்றால் தன் பிறந்தநாள். ஒரு முகவரி வேண்டுமென்றால் தன் வீடு. எண்ணிக்கை சரியானதும் அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

பச்சை. நாற்பத்தோராயிரத்து அறுநூற்றெட்டு.

"அப்பாடா," என்றாள் வாய்விட்டு.

அறை அமைதியாக இருந்தது. மிகவும் அமைதியாக. பெரியவரின் காற்றாடி நின்றிருந்தது. பழைய திரை இருண்டுவிட்டது. பொத்தானை அழுத்திப் பார்த்தாள், ஒயரைப் பிடுங்கிச் செருகினாள், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். உயிர் இல்லை. போகட்டும், இனி அது யாருக்கு வேண்டும்? மேசையடியில் இருந்த அந்த நெடியும் போயிருந்தது. அறையிலிருந்து ஏதோ எழுந்து வெளியே போனது போல.

புதிய கணினியில் அந்த வரியைத் திறந்தாள்.

இறங்கினார்: இன்று, 2.47.
உள்ளே இருந்த நிமிடங்கள்: 3.

தேதி தவறாக இருந்தால் இன்றைய தேதியைப் போடும்படி அவள்தான் விதி எழுதியிருந்தாள். அதுதான் இது. வேறென்ன? முகவரியை அழிக்கப் போனாள்.

ஆள் உள்ளே இருக்கும்போது முகவரியை மாற்ற முடியாது.

இதுவும் அவள் எழுதிய விதிதான். காப்பாற்றப் போகிறவர்கள் வீடு மாறிப் போய்விடக்கூடாது என்று போன வாரம் யோசித்து எழுதி, கூட்டத்தில் பாராட்டும் வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு 'ஏறினார்' என்பதை அழுத்தினாள்.

மேலே வந்தவரின் குரலைக் கேட்டீர்களா?

ஆம் என்று அழுத்தினாள்.

அவருடைய நான்கு இலக்க அடையாள எண்?

தெரியாது. நான்கு சுழியம் போட்டாள். தவறு. நான்கு ஒன்று. தவறு. மேனேஜரை அழைத்தாள், அவர் எடுக்கவில்லை. டைப்பிஸ்ட் அம்மாவின் எண் யாரிடம் இருக்கும்?

உள்ளே இருந்த நிமிடங்கள்: 9.

போன் அதிர்ந்தது. அப்பா.

"ஏம்மா, தொட்டி கழுவ ஆள் சொன்னியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதா?"

"நான் யாரையும் சொல்லலைப்பா."

"உன் ஆபீஸ்ல சொன்னாங்கன்னாரே. நல்ல மரியாதையான ஆளு. குளிருதுங்க ஐயா, சீக்கிரம் முடிச்சிடறேன்னாரு."

"கதவை யாருப்பா தொறந்தது?"

"நான் ஏன் கதவைத் தொறக்கிறேன்? கட்டிலை விட்டே எறங்கலையே. சமையல்கட்டுக்குள்ள இருந்துதான் கூப்பிட்டாரு. நீதான் சாவி குடுத்தேன்னு நெனைச்சேன்."

"இப்ப அந்த ஆள் எங்கே?"

"உள்ளே," என்றார் அப்பா. பிறகு போனை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் குரல் தள்ளிப் போயிற்று. "இதோ வரேன் தம்பி. கண்ணு தெரியாது, மெதுவாத்தான் வருவேன்."

"அப்பா, போகாதீங்க. அப்பா. கட்டில்லயே இருங்க. அப்பா!"

போன் கட்டில்மேல் கிடந்தது போலும். காலடி. சுவரைத் தடவும் கை. தூரத்தில், தகரமோ சிமெண்டோ, எதையோ தேய்க்கிற சத்தம்.

வண்டியை எப்படி எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. சாலையில் எல்லோரும் வேண்டுமென்றே மெதுவாகப் போனார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தாள், கடைக்கு வந்திருக்கிறாராம். காவல் உதவி எண்ணில் ஒரு பெண், "உள்ளே வந்தது யாருங்க?" என்று பொறுமையாகக் கேட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

வாசல் கதவு பூட்டியபடியே இருந்தது. அவள் காலையில் பூட்டியபடி.

திறந்தாள். அந்த நெடி. ஈரச் சிமெண்ட். பாசி. பின்பக்க ஜன்னலில் மூன்றரை மணி வெயில் பளீரென்று இருந்தது, வீடு முழுக்க வெளிச்சம், ஒளிய ஓர் இருட்டுக்கூட இல்லை.

"அப்பா?"

"வந்துட்டியா? நல்ல நேரத்துல வந்தே. இங்க வா."

சமையலறைத் தரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அங்கேயே தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. விளிம்புவரை தண்ணீர், அசையாமல், கண்ணாடிபோல். அதற்குள்ளிருந்து ஒரு கயிறு வந்தது. கட்டைவிரல் பருமன், கறுப்பாக ஊறிய கயிறு. அப்பா கைமாற்றிக் கைமாற்றி அதை இழுத்துக்கொண்டிருந்தார்.

இழுத்த கயிறு அவர் பின்னால் குவிந்திருந்தது. அடுப்பு மேடை மறைகிற அளவுக்கு. கூடத்துக்குப் போகிற வழியை அடைக்கிற அளவுக்கு. சுருள் சுருளாக, சொட்டச் சொட்ட.

தொட்டி அவள் கழுத்து ஆழம்தான். போன கோடையில் அவளே இறங்கி நின்று கழுவியது.

"எவ்வளவு நேரமாப்பா இழுக்கிறீங்க?"

"போனை வெச்சதுலேர்ந்து. மேல வர ஒரு கை குடுங்கன்னாரு பாவம். இவ்வளவு ஆழமா இருக்கும்னு நானும் நெனைக்கலை. இப்பதான் கனம் தெரியுது."

"விடுங்கப்பா. கயிறை விட்டுடுங்க."

"எப்படிம்மா விடறது?"

அவர் சட்டையை விலக்கிக் காட்டினார். கயிற்றின் நுனி அவர் இடுப்பைச் சுற்றியிருந்தது. மூன்று சுற்று. முடிச்சு, ஊறி இறுகி, கல்லாகியிருந்தது.

"கை வழுக்கும்னு அவரே கட்டிவிட்டாரு," என்றார் அப்பா.

கத்தி. இழுப்பறையில் கத்தி. இழுப்பறை கயிற்றுக் குவியலுக்கு அடியில். அவள் இரண்டு கையாலும் அள்ளித் தள்ளினாள். அள்ள அள்ளக் கயிறு. முடிச்சில் நகத்தைக் கொடுத்தாள். நகம் பிய்ந்தது. முடிச்சு நகரவில்லை.

கீழிருந்து ஓர் இழுப்பு. குவியலில் ஒரு சுருள்கூட அவிழவில்லை, இடுப்பிலிருந்தே கயிறு விறைத்தது.

அப்பா உட்கார்ந்தபடியே வழுக்கினார். குதிகால் விளிம்பில் இடித்து நின்றது. கண்கட்டுக்குக் கீழே அவர் வாய் முதல்முறையாகக் கோணியது.

"ஏம்மா... இவரு மேல வரலை. என்னைக் கீழ..."

அடுத்த இழுப்பில் இரண்டு கால்களும் தண்ணீரில். சத்தமே இல்லை. முழங்கால். தொடை.

அவள் கயிற்றைப் பிடித்தாள். வேறு வழி இல்லை. தொட்டி வாயின் சட்டத்தில் கால்களை உதைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, அப்பாவின் இடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கயிற்றைப் பிடித்து, அதைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு முழம் வந்தது. அப்பாவின் தொடை வெளியே வந்தது. இன்னொரு முழம். முழங்கால். விட்டால் அவர் போய்விடுவார். இழுத்தால் அது வரும்.

இழுத்தாள்.

கயிற்றில் ஒட்டியிருந்த பாசி முடிந்து வெள்ளையாக ஏதோ வரத்தொடங்கியது. தண்ணீர் மெல்ல உப்பி, விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"வந்துட்டாரா?" என்று கேட்டார் அப்பா, கட்டுப் போட்ட முகத்தைத் தொட்டியின் பக்கம் திருப்பி.

விளிம்பில் ஐந்து விரல்கள் வந்து பதிந்தன. ஊறி வெளுத்து, நகமில்லாமல். பக்கத்தில் இன்னும் ஐந்து.

அதற்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து.