ஆடுகிற பல்

அது ஆடி மாதமா, ஆவணியா என்று டாக்டர் ஜெர்லினுக்கு இப்போது நிச்சயமில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலையடிவாரத்து மனநல மருத்துவமனையில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. நல்ல பகல் வெளிச்சம். வார்டில் டெட்டால் வாசனை. அதற்கு அடியில், மூடிக்கிடந்த கிணற்றின் பாசி வாசனை. அதை அன்றைக்கே முகர்ந்தாளா, பிற்பாடு மனம் சேர்த்துக்கொண்டதா, தெரியாது.

மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்திருந்த சௌந்திரம் பதினொரு நாளாகச் சோற்றைத் தொடவில்லை. மின் அதிர்வு சிகிச்சை கொடுக்காவிட்டால் பிழைக்கமாட்டாள். அவள் உடம்பு அதைத் தாங்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் ஜெர்லின்.

"ஏம்மா சாப்பிட மாட்டேங்கறீங்க?"

"சாமிக்கு வேணுமுங்க. என்ற பங்கைத்தான் அது திங்குது."

ஆத்தூர்க்காரியான ஜெர்லினுக்குச் சாமி என்றால் கடவுள்தான். 'கடவுளுக்குப் படைப்பதாகப் பிரமை' என்று எழுதிக்கொண்டாள்.

மயக்க மருந்து கொடுக்குமுன் வாயையும் பார்க்க வேண்டும். "ஆடுற பல் ஏதாவது இருக்கா?"

"எனக்கில்லீங்க. சாமிக்குத்தான் முன்பல்லு ஆடுது."

"அப்போ சாமியைப் பல் டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போகணும்."

சௌந்திரம் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்டு வெச்சா மறந்துருமுங்களா?"

"கொஞ்ச நாள் குழம்பும். அப்புறம் சரியாயிடும்."

"நான் மறந்துட்டா அதுக்கு ஆருங்க சோறு போடுவா?"

அடுத்த நோயாளி காத்திருந்தார். கடவுள்தானே என்று நினைத்து ஜெர்லின் சொல்லிவிட்டாள்.

"நான் போடறேம்மா."

சௌந்திரத்தின் முகம் தெளிந்தது. குனிந்து, கட்டிலின் அடியிருட்டைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்.

"சாமி, இந்தம்மாகூடப் போ."

ஜெர்லினின் கணுக்காலில் ஏதோ ஈரமாகப் பட்டது.

குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போட்டாள்.

ஆறாவது சிகிச்சைக்கு மறுநாள் சௌந்திரம் நான்கு இட்லி சாப்பிட்டாள். அவள் கணவன் மயில்சாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி சாமின்னாங்களே, எந்தக் கோயில்?" என்று கேட்டாள் ஜெர்லின்.

"கோயிலுங்களா? எங்க பையனுங்க, ஈஸ்வரு. எங்க பக்கம் கொழந்தைகளச் சாமீன்னுதானுங்க கூப்புடுவோம். போன வருசம் கெணத்துல உழுந்துட்டானுங்க. ஆறு வயசு. பால்பல்லுகூட இன்னும் உழுவலீங்க."

அன்று மதியம் ஜெர்லின் டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஒரு ஓரத்தில் சோறு தோண்டப்பட்டிருந்தது.

சின்னக் கை அளவுக்கு.

பாசி மணத்தது.

சௌந்திரம் இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். மாலை போட்ட படத்தைக் காட்டி, "இது ஆரு ஊட்டுப் பையன்?" என்று கேட்கிறாள். மயில்சாமி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறார். ஜெர்லின் வேலையை விட்டு ஆத்தூருக்கே போய்விட்டாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். தினமும் இரண்டு தட்டு வைக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை, காலியான தட்டில் ஒரு பால்பல் கிடந்தது.