இன்னொரு பெயர் சேர்க்க

புஷ்பவள்ளியின் பெயர் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

ஆடி அமாவாசைக்கு இறந்தவர்கள் பேரில் மோட்ச விளக்கு ஏற்ற விரும்புகிறவர்கள் முன்பெல்லாம் கோயில் கவுண்டரில் வரிசை பிடித்து நின்று பெயர் கொடுப்பார்கள். இந்த வருஷம் காமினி அதை இணையத்தில் நிரப்புகிற படிவமாக, பாரமாக மாற்றியிருந்தாள். யாராவது பாரத்தை நிரப்பி அனுப்பினால் விவரம் அவளுடைய ஷீட்டில் தானாகவே ஒரு வரியாக வந்து உட்காரும். உடனே, "விளக்கு பதிவாகிவிட்டது. இன்னொரு பெயர் சேர்க்க இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று அதில் உள்ள நம்பருக்கு வாட்ஸ்அப் பறக்கும். மனிதக் கை படவே வேண்டாம். நிர்வாகத்துப் பெரியவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

சுங்கை பாக்காப்பிலிருந்து புஷ்பவள்ளி என்கிற அம்மா, காலமான தன் கணவர் பக்கிரிசாமிக்கு விளக்குப் பதிவு செய்திருந்தார். பாரம் புரியவில்லை என்று காமினிக்கே போன் போட்டு, வெட்கப்பட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசியவர். அந்த வரிக்குக் கீழே இப்போது புதிதாக ஒன்று. இறந்தவர் பெயர்: புஷ்பவள்ளி. உறவு: மனைவி. நேற்றுச் சாயங்காலமே வந்திருக்கிறது.

எவனோ கொழுப்பெடுத்து விளையாடுகிறான் என்று பல்லைக் கடித்தாள் காமினி.

மத்தியானம்தான். ஆனால் மழை மேகம் மலையை மூடி ஆயர் ஈத்தாமையே இருட்டாக்கிவிட்டதில், அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும் சுவரில் நீலமாக நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் பெலாச்சான் இறால் விழுது வறுக்கிற வாடை, மூன்று நாளாகக் காயாத துணிகளின் ஈர வாடை, ஜன்னல் தகரத்தில் விடாமல் தட்டும் மழை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் படுக்கையறையிலிருந்து மோகனராஜின் குறட்டை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறான். கல்யாணமான புதிதில் அந்தக் குறட்டைக்காக அவள் பெரிய சண்டையே போட்டிருக்கிறாள். இப்போது அது கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

கோயில் செயலாளரைப் போனில் கூப்பிட்டாள்.

"பிரமிளாக்கா, சுங்கை பாக்காப் அம்மா பேர்ல எவனோ பாரம் அனுப்பியிருக்கான். அந்த நம்பர் யாரோடதுன்னு பாருங்க."

பிரமிளா பார்த்துவிட்டுச் சொன்னாள். "அது பக்கிரிசாமி அண்ணனோட நம்பர்லா. பாதிப் பேரு அப்படித்தான் போட்டிருக்காங்க, காமினி. இறந்தவர் பேருன்னு கேட்டுட்டு அதுக்குக் கீழயே போன் நம்பர்னு கேட்டா, சனங்க என்ன செய்வாங்க? செத்தவங்க நம்பரையே போட்டுட்டாங்க."

"அப்ப மெசேஜ் எல்லாம்..."

"அங்கதான் போயிருக்கு." பிரமிளாவின் குரல் இறங்கியது. "அந்தம்மா இன்னிக்குக் காலையில தவறிட்டாங்க. தூக்கத்துலயே. இப்பத்தான் மக கூப்பிட்டுச் சொன்னா."

காமினி நேற்றைய தேதியைத் திரும்பப் பார்த்தாள். சாவதற்கு முன்பே பதிவு. கணவனின் நம்பரிலிருந்து, மனைவி என்று.

ஷீட் ஒருமுறை துடித்தது. புதிய வரி.

இறந்தவர் பெயர்: மோகனராஜ். உறவு: அண்ணன்.

நம்பரை அவள் படிக்க வேண்டியதே இல்லை. கிஷன். மோகனராஜின் ஒரே தம்பி. செபராங் ஜெயா பக்கம் மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பி வராதவன். பாரம் வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் முதலில் போட்டது அவன் பெயரைத்தான், அவன் நம்பரைத்தான். மரணச் சான்றிதழைக் காட்டி அந்த லைனை வெட்டியதும் அவளேதான்.

குறட்டை நின்றது.

"காமினி? லைன்ல இருக்கியா?"

அவள் போனை வீசிவிட்டு அந்த வரியை அழித்தாள். உள்ளே ஒரு திணறல். ஓர் இருமல். குறட்டை மறுபடி ஓடியது.

மறுபடி வரி. மோகனராஜ். உறவு: அண்ணன். குறட்டை நின்றது. அழித்தாள். மூச்சு வந்தது.

அவளுக்குப் பயம் வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

"கிஷன், உனக்குச் சோறு போட்டவ நான். உனக்கு விளக்கும் வெப்பேன். ஆனா உங்கண்ணன மட்டும் கேக்காதடா தம்பி. குடுக்க மாட்டேன்."

பாரத்தை மூடினாள். மெசேஜ் அனுப்பும் வேலையை நிறுத்தினாள். வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். மழைச் சத்தமும் குறட்டையும் மட்டும் கேட்டன.

வரி வந்தது. உறவு: மகன். அடுத்தது. உறவு: பேரன். நம்பர் கட்டம் காலி. போனே பார்க்காமல் செத்தவர்கள். லிங்க் அங்கே கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது. உறவு: மருமகன்.

"அப்பா, நீங்களுமா?" என்று கத்தினாள். அவளையே தூக்கி வளர்த்த மனிதர். அவரையும் அழித்தாள்.

மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். மின்விசிறிகூட ஓடவில்லை. குளிர்ந்தது. சாவு வீட்டு ஊதுவத்தி வாடை. மோகனராஜ் மல்லாந்து, வாய் திறந்து கிடந்தான். கால்மாட்டில் மெத்தை அமுங்கியது. யாரும் இல்லை. அவன் தலைப்பக்கம் அமுங்கியது. பிறகு அந்தப் பக்கம். ஒவ்வொருவராக வந்து உட்காருகிறார்கள்.

காமினி கட்டிலில் ஏறினாள். ஒரு கையால் அவனை வளைத்துப் பிடித்தாள். மறுகை விரல் அழிக்கும் பட்டனில்.

"வாங்க. எத்தன பேரு வேணும்னாலும் வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

வரி. அழித்தாள். மூச்சு.

வரி. அழித்தாள். மூச்சு.

"மோகன், எந்திரிங்க. என்னப் பாருங்க."

அவன் கண் திறக்கவில்லை. அவனுடைய வலது கை மட்டும் மெல்ல மேலே எழுந்தது. அந்தரத்தில் நின்றது. விரல்கள் எதையோ பற்றி மடங்கின. மணிக்கட்டுத் தோலில், யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல், ஐந்து குழிகள் விழுந்தன.

அவன் சிரித்தான். சந்தோஷமாக.

"தம்பி" என்றான்.

வரி வந்தது. அழிக்க ஒரு கை வேண்டும். அவனைப் பிடிக்க இரண்டு கை வேண்டும்.

மடிக்கணினியைக் காலால் உதைத்துத் தள்ளினாள். அது தரையில் விழுந்து, வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற, வெளிச்சம் கூரையில் துடித்தது. அவள் இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டில் சட்டத்தில் காலை முட்டுக்கொடுத்தாள். இழுத்தாள்.

"என் புருஷன்! விடுங்க!"

அந்தப் பக்கமும் இழுத்தார்கள்.

மோகனராஜின் தோள் மெத்தையை விட்டு எழும்பியது. பிறகு முதுகு. பிறகு இடுப்பு. காமினியின் கால் சட்டத்திலிருந்து வழுக்கியது. அவனோடு சேர்ந்து அவளும் மேலே எழும்பினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டு.