முப்பத்தோராவது போத்தல்

1994 ஜூன் 22, புதன்கிழமை. காலை மணி 9.10.

காணாமல் போனது இரும்பு.

டிடெக்டிவ் சார்ஜன் திலகவதிக்கு இரும்புத் திருட்டு ஒன்றும் புதுசில்லை. பதினெட்டு வருஷ சர்வீஸில் வீட்டுக் கேட்டு, சாக்கடை மூடி, ஒரு தடவை சைக்கிள் கடை வாசலில் கிடந்த லாரி ஆக்ஸில் வரைக்கும் தேடிப் பிடித்துக் கொடுத்தவர். ஆனால் தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு காணாமல் போன கேஸ் அவர் மேசைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

புகார் கொடுத்த சிவசாமி அப்படிச் சொல்லவில்லை. பாயா ரும்புட்டிலிருந்து காரை ஓட்டி வந்து, வியர்வையைத் துடைத்து, லேப் ரிப்போர்ட்டை நீட்டி அவர் சொன்னது வேறு.

"எங்க பம்புக்காரர் நாகமுத்து இத்தனை வருஷமா பொய் எழுதியிருக்காரு மேடம். குழித்தண்ணி சுத்தமா இருக்கு, இரும்பே இல்லன்னு கோலாலம்பூர் லேப் சொல்லுது. அவரு நோட்டுல போன மாசம் வரைக்கும் 'கெட்ட தண்ணி'ன்னு இருக்கு. வேலை போயிடக் கூடாதுன்னு பண்ணியிருக்காரு."

சிவசாமி, சுங்கை ஆராங் சுரங்க அறக்கட்டளையின் செயலாளர். அந்த அறக்கட்டளையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆகணும். டுரியான் துங்காலுக்கு அப்பால் சுங்கை ஆராங் தோட்டத்தில் ஒரு நிலக்கரிக் குழி இருந்தது. 1963-ல் மூடிவிட்டார்கள். கரி தீர்ந்தாலும் குழியில் தண்ணீர் ஊறுவது தீராது. இரும்பும் புளிப்புமான தண்ணீர் அது. இறைக்காமல் விட்டால் எட்டே மாசத்தில் கீழ் லயத்து அறுபது வீட்டின் தரையிலும் ஏறிவிடும். அதனால் கம்பெனிக்காரர்கள் போகும்போது ஓர் அறக்கட்டளையை வைத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் ஊறும்வரை பம்பு ஓடணும், அதற்குக் கெடு கிடையாது. வயிறு நிறைந்ததும் இலையை மடித்துவிட்டுப் போகிற உலகத்தில், தோண்டின பள்ளத்துக்குக் கடைசிவரை நாங்கள் பொறுப்பு என்று எழுதி வைத்தவர்களை நான் மனசாரக் கும்பிடுகிறேன்.

"வெள்ளிக்கிழமை போர்டு மீட்டிங்," என்றார் சிவசாமி. "பம்பை நிறுத்திடலாம்னு முடிவு பண்ணப் போறாங்க. நாகமுத்து மேல கேஸும் போடணும்னு சொல்றாங்க."

திலகவதி ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"முப்பது வருஷமா இருந்த இரும்பு ஒரே நாள்ல காணோம். அப்ப இது திருட்டுதானே சார்? வாங்க, இடத்தைப் பார்ப்போம்."

காலை 10.35.

பம்பு வீடு. தகரக் கூரை, பச்சை பெயின்ட், காதை அடைக்கும் சத்தம். நாகமுத்து வாசலில் நின்றார். ஐம்பத்தேழு வயசு, காக்கிச் சட்டை. முழங்கை வரை வெள்ளை பூத்திருந்தது. தினமும் காலையில் இறைத்த தண்ணீரின் புளிப்பை முறிக்கத் தொட்டியில் சுண்ணாம்பு கரைக்கிறவர். கழுவினாலும் போகாத வெள்ளை அது.

"நான் பொய் எழுதலம்மா," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அறைக்குள் பூட்டிய கண்ணாடி அலமாரி. வருஷத்துக்கு ஒன்றாக முப்பத்தொரு போத்தல். எடுத்த உடனே பார்த்தால் குழித்தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். காற்று பட்டு மறுநாள்தான் துரு நிறம் ஏறும். முப்பது போத்தலில் அந்தத் துரு அடியில் படிந்திருந்தது. முப்பது போத்தலின் கழுத்திலும் சிவப்புப் பொட்டு. கடைசிப் போத்தலை லேப்காரர்கள் முத்திரை உடைத்துப் பாதி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதில் தண்ணீர் தெளிவாக இருந்தது. கழுத்தில் மஞ்சள் பொட்டு.

"அந்த முப்பதுல ஏன் துரு சார்?"

"அவரே ஆணி எதையாவது ஊறப் போட்டிருப்பாருன்னு போர்டு சொல்லுது," என்றார் சிவசாமி. "இத்தனை வருஷம் அவரு தனியாவே எடுத்து அலமாரியில வெச்சாரு. இந்த வருஷம்தான் முதல் தடவையா லேபுக்குப் போகுது. அதனால ஜூன் ஒண்ணாந்தேதி சாட்சிக்கு நானும் தோட்டத்துக் கிராணி கணேஸ்வரனும் நின்னோம். முந்தின நாள் நானே ரெண்டு புதுப் போத்தல் அவரு வீட்டுல கொடுத்தேன். ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு."

"வேற யாரு இருந்தாங்க?"

"அவரு சம்சாரம் முனியாயி. நாகமுத்துவுக்கு முட்டி வலின்னு அவங்க பூசைக் கூடையைத் தூக்கிட்டு வந்தாங்க."

"பூசையா?"

குழி வாய் ஓரத்தில் முனீஸ்வரர் கல் ஒன்று இருந்தது. போத்தலை நிரப்பி அதன் முன்னால் வைத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டின பிறகுதான் நாகமுத்து மூடுவார். குழிக்குள் போய்த் திரும்பாதவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்குத் தெரியாமல் இங்கிருந்து ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்பது அவர் கட்டுப்பாடு.

"சூடம் காட்டினதும்?"

"கீழ விழுந்து கும்பிட்டாரு. எந்திரிச்சுத் தேங்கா உடைக்கப் போனாரு. நான் போத்தலை எடுத்து அரக்கு வெச்சு மூடிக் கையெழுத்துப் போட்டேன். லேபுக்குப் போறவரைக்கும் அலமாரியில பூட்டி வெச்சேன், சாவி என்கிட்டதான் இருக்கு."

பூட்டு உடையவில்லை. அரக்கும் லேப் போகிறவரை உடையவில்லை. திலகவதி தலையை ஆட்டிக்கொண்டார்.

நாகமுத்து வாளிக் கிணற்றுத் தண்ணீரில், பால் கலக்காத தே-ஓ போட்டுக் கொடுத்தார். மை மாதிரி கறுத்திருந்தது.

"என்னண்ணே இது, இவ்ளோ கறுப்பு?"

"குழி ஊத்துக் கலந்த தண்ணிம்மா. இரும்பு இருந்தா தே கறுக்கும். எனக்குப் பழகிப் போச்சு."

திலகவதி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளிக்காமல் குடித்தார் பாருங்கள், அதற்கே ஒரு மெடல் கொடுக்கலாம்.

பகல் 12.05.

தோட்ட ஆபீஸ். கணக்கு எழுதும் கிராணி கணேஸ்வரனுக்கு நாற்பது வயசு. சுவரில் கோல்ப் மைதானத்தின் வண்ணப்படம் தொங்கியது.

"தோட்டத்தை கோல்ப் கிளப்புக்கு விக்கப் போறாங்களாமே?"

"ஆமா. குழியை மூடினாத்தான் வாங்குவாங்க. அதுக்காக என்னைச் சந்தேகப்படாதீங்கலா."

"பட்டுட்டுத்தானே வந்திருக்கேன். அன்னைக்குப் போத்தலைத் தொட்டீங்களா?"

"தொடவே இல்ல. தண்ணியை அவரே பிடிச்சாரு, குங்குமம் வெச்சாரு, சூடம் காட்டினாரு. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன்."

"குங்குமத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. செவப்பா, பெருசா வெச்சாரு."

"கண்ணை மூடினீங்களே, சிவசாமி சாரும் மூடினாரா?"

"சாமி முன்னால யாருங்க கண்ணைத் திறந்து வெச்சிருப்பாங்க?"

திலகவதி நோட்டில் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டார். கிராணி எட்டிப் பார்க்க முயன்றார், முடியவில்லை.

பகல் 2.20.

மேல் லயத்தில் நாகமுத்து வீடு. முறத்தில் மஞ்சள் கிழங்கு காய்ந்துகொண்டிருந்தது. முனியாயி அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டு எழுந்தார். அழுது வீங்கின கண்.

"அவரு பொய் சொல்ல மாட்டாரும்மா. நீங்கதான் காப்பாத்தணும்."

"பார்ப்போம்கா. வீட்டுல வேற யாரு?"

"ஒரே மவ, ஜெயா. தஞ்சோங் கிளிங்கில கட்டிக் கொடுத்திருக்கு. மார்ச்சில பொம்பளப் புள்ள பொறந்துச்சு. இவரு இன்னும் போய்ப் பார்க்கல. மவ கல்யாணத்துக்கே தாலி கட்டின கையோட பம்புக்கு ஓடியாந்தவரு."

"லீவே எடுக்கலியா?"

"எழுபத்தொண்ணு வெள்ளத்துல பம்பு பதினோரு நாளு நின்னு போச்சு. மழைத்தண்ணியோட சேர்ந்து கீழ் லயத்து வீட்டுக்குள்ள எல்லாம் செவப்புத் தண்ணி. அதுலேர்ந்து ஒரு நாளுகூட விட்டுட்டு வரமாட்டேங்கிறாரு."

"வருஷா வருஷம் பூசைக்கு என்னக்கா கொடுத்து அனுப்புவீங்க?"

"தேங்கா, வாழப்பழம், சூடம், நான் இடிச்ச மஞ்சத்தூளு ஒரு டின்னு. எப்பவும் அதான்."

திலகவதி முறத்தையும் சாமி மாடத்தையும் பார்த்தார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஜூன் 23, வியாழக்கிழமை. காலை 9.30.

பம்பு வீட்டில் சிவசாமி, நாகமுத்து, முனியாயி, கிராணி நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் கடையில் வாங்கின தே-ஓ, இரண்டு கிளாஸ். சிவந்து, தெளிவாக இருந்தது.

திலகவதி பம்புக் குழாயில் தண்ணீர் பிடித்து முதல் கிளாஸில் ஊற்றினார். தே மெல்ல மெல்லக் கறுத்தது. முப்பத்தோராவது போத்தலிலிருந்து இரண்டாவது கிளாஸில் ஊற்றினார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"இது குழித்தண்ணியே இல்ல சார். நாகமுத்து அண்ணன் எழுதினது ஒவ்வொரு எழுத்தும் நிஜம். போத்தலை யாரோ மாத்திட்டாங்க."

சிவசாமி கண்ணாடியைக் கழற்றினார். "பூட்டு என் சாவி. அரக்கு என் முத்திரை."

"அரக்கு வைக்கிறதுக்கு முன்னாலயே மாத்தியாச்சு. அண்ணன் கீழ விழுந்து கும்பிடறாரு. நீங்க ரெண்டு பேரும் கண்ணை மூடியிருக்கீங்க. அந்தக் கொஞ்ச நேரம் போதும்."

சிவசாமியும் நாகமுத்துவும் ஒரே சமயத்தில் கிராணியைப் பார்த்தார்கள்.

"அவரைப் பார்க்காதீங்க. போத்தலைப் பாருங்க," என்றார் திலகவதி. "பழசு முப்பதுலயும் பொட்டு செவப்பு. இதுல மஞ்சள். ஆனா அன்னைக்கு அண்ணன் வெச்சது செவப்புன்னு கிராணியார் கண்ணால பார்த்திருக்காரு. அப்ப இந்த மஞ்சப் பொட்டு மாத்தின ஆளு வெச்சது. அண்ணே, நீங்க எதுல பொட்டு வைப்பீங்க?"

"மஞ்சள்லதான்மா."

"அப்புறம் எப்படி செவப்பாச்சு?"

நாகமுத்து தன் வெள்ளைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் உறைத்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எந்த வீட்டிலும் கேட்டால் சொல்வார்கள்.

"கிராணியாரோ சிவசாமி சாரோ போலிப் போத்தல் தயார் பண்ணியிருந்தா குங்குமம்தான் வெச்சிருப்பாங்க. அலமாரியில அவங்க பார்த்தது செவப்பு. மஞ்சள் வைக்க ஒருத்தருக்குத்தான் தோணும். டின்னுல இருக்கிறது மஞ்சத்தூளுன்னு தெரிஞ்சவங்க, ஆனா இந்த அலமாரியை ஒரு நாளும் பார்க்காதவங்க."

பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"முனியாயி அக்கா," என்றார் திலகவதி, குரலைத் தாழ்த்தி. "மிச்சமிருந்த போத்தல்ல பைப்புத் தண்ணி பிடிச்சு, பொட்டு வெச்சு, கூடையில வாழ இலைக்கு அடியில கொண்டாந்தீங்க. நிஜப் போத்தலை அதே கூடையில வீட்டுக்குக் கொண்டு போனீங்க. சாமி முன்னால வெச்சதை நீங்க கொட்டியிருக்க மாட்டீங்க. மாடத்துக்குப் பின்னால இருக்கா?"

முனியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

பத்து நிமிஷத்தில் போத்தல் வந்தது. உள்ளே துரு நிறம். கழுத்தில் சிவப்புப் பொட்டு.

"கையில எடுத்தப்பதான் பார்த்தேன், செவப்பா இருந்துச்சு," என்றார் முனியாயி. "அதுக்குள்ள மாத்திட்டேன். தண்ணி நல்லாயிடுச்சு, வேலை முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுவாங்கன்னு நெனைச்சேன். இவரைப் போயி பொய்யருன்னு சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியலம்மா. சத்தியமாத் தெரியல."

"கீழ் லயத்துல அறுபது வீடு இருக்கே புள்ள," என்றார் நாகமுத்து.

"தெரியும். நம்ம வீடு ஒண்ணும் இருக்கு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"முப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தப் பம்பு சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

நாகமுத்து வெள்ளைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிவசாமி எழுந்து போய் அறக்கட்டளையின் பழைய பத்திரத்தை அலமாரி மேல்தட்டிலிருந்து எடுத்தார். நின்றபடியே முழுசும் படித்தார். பம்பு தேய்ந்தால் புதுப் பம்பு, குழாய் அடைத்தால் புதுக் குழாய், நூறு வருஷம் கழித்துக் குழி வாய் இடிந்தால் என்ன செய்வது என்பதுவரை எல்லாம் இருந்தது. இறைக்கிற ஆளுக்கு ஒரு மாற்று ஆள் வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எல்லாவற்றையும் யோசித்த பெரிய மனிதர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

"மேடம், புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றார். பிறகு நாகமுத்துவின் முன்னால் போய் நின்றார். "அண்ணே, உங்களைப் பொய்யருன்னு எழுதின கை இது. மன்னிச்சிருங்க. நாளைக்கு போர்டுல நானே பேசறேன். பம்பு ஓடும். ரெண்டாவது ஆளும் வருவாரு."

திலகவதி அறிக்கையில் 'மாதிரிப் போத்தல் மாறிப் போயிருந்தது, சரியான போத்தல் கிடைத்துவிட்டது' என்று எழுதினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் கெட்டிக்காரத்தனத்தை நான் மெச்சுவது கேஸைக் கண்டுபிடித்ததற்காக மட்டுமில்லை, இந்த ஒரு வரிக்காகவும்தான்.

ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை 8.00.

தஞ்சோங் கிளிங். நாகமுத்து மகள் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகியிருந்தது. பம்பை வீரப்பன் என்ற புது ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு நாள் நாகமுத்து காலை மாலை டெலிபோன் பண்ணினார். மூன்றாம் நாள் வீரப்பனே, "அண்ணே, பம்பு நல்லா இருக்கு, என்னையும் கொஞ்சம் வேலை செய்ய விடுங்க," என்று சொல்லிவிட்டார்.

பேத்தியைக் குளிப்பாட்டித் தாத்தா மடியில் போட்டாள் ஜெயா. முனியாயி மஞ்சள் கிண்ணத்தை நீட்டினார். நாகமுத்து விரலால் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். பழக்கத்தில், அது சிவக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொட்டு மஞ்சளாகவே இருந்தது.

"என்ன அப்படிப் பார்க்கிறீங்க?" என்றார் முனியாயி.

நாகமுத்து தன் கையைத் திருப்பி அவரிடம் காட்டினார். அதில் வெள்ளை இல்லை.